முதல் பக்கம் மாறிக்கொண்டே இருந்த பஸ் ஆபீஸ்

உங்களுக்கு வருகிற போன்களிலேயே ரொம்பச் சின்னதாகத் தெரிவது இதுதான். "சார், நெட்டைத் திறந்தா நம்ம பக்கம் வராம வேற ஏதோ பக்கம் வருது" என்பார்கள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றால் சாப்பாட்டுக் கையை உதறிவிட்டு ஓடுவீர்கள். இதற்கு மட்டும், "சாயங்காலம் அந்தப் பக்கம் வரும்போது பார்க்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவீர்கள். நானும் அப்படி வைத்தவன்தான். அதனால்தான் கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருகிற இந்த நேரத்தில், வேறு எதையும் எழுதாமல் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாவது. காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் வேலை பழகினேன். அந்தக் கடைக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. உடைந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாமியார் வருவாள், பின்னாலேயே மருமகளும் வருவாள். "இதை யாராவது கீழே போட்டாத்தானேய்யா இப்படி ஆவும்?" என்று மாமியார் கேட்பாள். அவர் தலையைத் தூக்கவே மாட்டார். "அது எனக்குத் தெரியாதும்மா. திருகுற குமிழ் போயிருக்குது, மாத்திக் குடுத்துடறேன்" என்பார். அவ்வளவுதான். விழுந்த அடையாளம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. அதைச் சொல்ல மாட்டார். அப்போது எனக்கு அது விவரம் தெரியாத ஆள் பேசுகிற பேச்சாகத் தெரிந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வேலையும் பழகி, ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பக்கத்திலேயே சின்னதாக இந்தக் கடையைப் போட்டேன். ஒரகடம் வரைக்கும் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த காலம். பெரிய தொழிற்சாலைக்குள் கம்ப்யூட்டர் பார்க்க அவர்களே ஆள் வைத்திருப்பார்கள். நமக்குக் கிடைத்ததெல்லாம் அவற்றை ஒட்டிப் பிழைக்கிற சின்ன ஆபீஸ்கள்தான். கேன்டீன் எடுத்து நடத்துகிறவர், ஆள் அனுப்புகிறவர், எடைமேடைக்காரர், ஷிப்டுக்கு பஸ் விடுகிறவர். நான் சொல்லப்போவது ஒரு பஸ் ஆபீஸ்.

அந்த முதலாளி பிள்ளைப்பாக்கத்து மனிதர். நிலம் விற்ற பணத்தில் பஸ் வாங்கி, ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குகிற ஒப்பந்தம் பிடித்திருந்தார். விடியற்காலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டுதான் ஆபீசுக்குள் காலை வைப்பார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, பெருமாள் படத்தைக் கும்பிட்டு, கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கம்ப்யூட்டரைப் போடுவார். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். இன்டர்நெட் படத்தை அமுத்தினால் தொழிற்சாலையின் பக்கம் முதலில் வர வேண்டும். எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை அதில் ஏற்றுவார்கள். அந்தப் பக்கம் தானாக முதலில் வரும்படி நான்தான் வைத்துக் கொடுத்திருந்தேன்.

ஏற்றுகிற வேலையைச் செய்தவர் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அதே முதலாளியிடம் டிரைவராக இருந்து, முதுகுத் தண்டில் கோளாறு வந்து, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு மேசைக்கு வந்தவர். கீபோர்டில் ஒரே விரலால் தட்டுவார், ஆனால் தப்பு வராது. பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல். மனைவியும் மகளும் ஊரில். இவர் இங்கே நாலைந்து பேரோடு ஒரே ரூமில். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் குடும்பத்தை இங்கே கூட்டி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நினைப்பு. முதலாளி வீட்டுக்குப் பின்கட்டில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கூட்டிக்கினு வந்துடு முத்து, அந்த வூடு உனக்குத்தான்" என்று முதலாளியே வாய் நிறையச் சொல்லியிருந்தார். நான் போகும்போதெல்லாம் சுடலைமுத்து எதையாவது விசாரிப்பார். எந்த ஸ்கூல் நல்லா இருக்கும், அந்தத் தெருவில் தண்ணீர் உப்பா, மழை பெய்தால் வீட்டுக்குள் வருமா.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். காலையில் முதல் பஸ் புறப்படும்முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவார்கள். அந்தத் தட்டு சுடலைமுத்து கையில்தான் இருக்கும். முதுகு போன பிறகும் முதலாளி அதை அவரிடமே விட்டுவைத்திருந்தார். பஸ் ஓட்ட முடியாத மனிதருக்கு பஸ்ஸோடு இருந்த உறவு அதுதான்.

ஒருநாள் காலையில் முதலாளி போன் பண்ணினார். குரல் தாழ்ந்திருந்தது. "சிஸ்டம்காரரே, பொட்டில என்னமோ அசிங்கமா வருது. சட்டுனு வாங்க." போய்ப் பார்த்தால் மானிட்டர் மேல் அவருடைய தோள் துண்டு போர்த்தியிருந்தது. மேலே பெருமாள் படம், கீழே துண்டு போர்த்திய மானிட்டர். துண்டை எடுத்தேன். தொழிற்சாலைப் பக்கம் வர வேண்டிய இடத்தில், தேடுவதற்கு ஒரு பெட்டி, அதன் இரண்டு பக்கமும் அரைகுறை உடுப்பில் பெண்களின் படம். வெளிநாட்டு விளம்பரம்.

இது உங்களுக்குத் தெரிந்ததுதான். டூல்பார் என்கிற பீடை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறி உட்கார்ந்திருந்த காலம் அது. எதையோ இலவசமாக இறக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, முதல் பக்கத்தைத் தன் பக்கமாக மாற்றிவிடும். வேண்டாத புரோகிராமை நீக்கினேன், முதல் பக்கத்தைத் திரும்ப வைத்தேன். இன்டர்நெட் படத்துக்குப் பின்னாலும் ஒரு விலாசத்தை ஒட்டிவைத்திருந்தது, அதையும் வெட்டினேன். சுடலைமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பேய் எறங்கிட்டா? இல்லேன்னா சொல்லுங்க, எங்க ஊரு மாடசாமிக்கு ஒரு கெடா நேந்துவிட்ருதேன்."

"இறங்கிடுச்சுங்க. கெடாவை நீங்களே வெச்சுக்குங்க" என்றேன். முதலாளிகூட அன்றைக்குச் சிரித்தார்.

அது திரும்ப வந்தது. நான் சாயங்காலம் துடைத்துவிட்டு வருவேன். மறுநாள் காலை முதலாளி போடும்போது தொழிற்சாலைப் பக்கம் ஒழுங்காக வரும். அதற்கு அடுத்த காலை அசிங்கம் வரும். தொழிற்சாலைப் பக்கத்தை ஒருமுறை திறந்தால் ராத்திரி வரைக்கும் மூட மாட்டார்கள், அதனால் பகலில் எதுவும் தெரியாது. நடுவில் என்ன இருக்கிறது? ஒரு பகலும் ஒரு சாயங்காலமும். பகலில் ஆபீசில் ஆள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் முதலாளி கோயிலுக்குப் போய்விடுவார். இரண்டாம் ஷிப்டு பஸ் கிளம்பும் வரைக்கும் சுடலைமுத்து மட்டும் தனியாக இருப்பார். ரூமில் படுக்க இடம் கிடைப்பதே பாடு, அதனால் வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் ஆபீசிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை முதலாளி எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் பதறிக்கொண்டு எதையோ மூடியிருக்கிறார். இதையெல்லாம் முதலாளி பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, துடைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனேன். முதலாளி என் பின்னாலேயே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மனசுல வெச்சிக்காம சொல்லுங்க. இது தானா வருமா, யாராச்சும் எதுனா பண்ணாத்தான் வருமா?"

"தானா வராதுங்க. யாராவது எதையாவது இறக்கினாத்தான் வரும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

தொழில்படி பார்த்தால் நான் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. உங்களில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வீர்கள். ஆனால் அவர் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி இல்லை, ஆளைப் பற்றி. அந்த ஆபீசில் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு தொடுகிறவர். அவர் தன்னையே சந்தேகப்படுவாரா? "யாராவது" என்று நான் சொன்ன சொல் நேராகப் போய் மற்றவர் தலையில் இறங்கியது. காஞ்சிபுரத்துக் கடைக்காரர் ஏன் தலையைத் தூக்காமல் பதில் சொன்னார் என்பது எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை.

அடுத்த முறை விடியற்காலையிலேயே போக வேண்டியிருந்தது. வாசலில் முதல் பஸ்ஸுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தது ஒரு கிளீனர். சுடலைமுத்து உள்ளே மேசையில் இருந்தார். மாடசாமியும் இல்லை, கெடாவும் இல்லை. "வாங்க அண்ணாச்சி" என்றதோடு சரி. தட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "முதுகு வலி. குனிய முடியல்ல" என்றார். பழம் வைக்கத்தான் குனிய வேண்டும், அதைக் கிளீனரே செய்வான்; சூடம் காட்டக் குனிய வேண்டியதில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

முதலாளி அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் அப்படிப் பேசுகிற மனிதரும் இல்லை. அவருக்கு வயதுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகள். பின்கட்டில் குடிவைக்கிற மனிதர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இந்த மாதிரி எல்லாம் பார்ப்பவர் என்று மனதுக்குள் ஏறிவிட்டது. இதை முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது? கேட்காமலே ஒதுக்கிவிடலாம் என்று நினைத்துவிட்டார். நல்ல மனிதர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு செய்கிற கெடுதல் இப்படித்தான் இருக்கும். சத்தமே வராது.

பரீட்சை முடிந்தது. ஊரில் கோயில் கொடைத் திருவிழா. கொடை முடிந்ததும் குடும்பத்தையும் சாமானையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லிச் சுடலைமுத்து லீவில் போனார். அப்போதும் முதலாளி வாயைத் திறக்கவில்லை. அவர் ரயில் ஏறிய பிறகு, தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒருவருக்கு அந்த வீட்டைக் கொடுத்துவிட்டார்.

இது எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது வழக்கமான போன்தான். அசிங்கம் வருகிறது, வாருங்கள். போய்த் துடைத்தேன். ஒரு காலை விட்டு அடுத்த காலையில் மறுபடியும் போன். இந்தத் தடவை முதலாளியின் குரலில் ஒரு குழப்பம். "அவன் ஊர்லயே இல்லையே சிஸ்டம்காரரே. போறதுக்கு முன்ன எதையாச்சும் வெச்சிட்டுப் போயிட்டானா?"

யார் போவதற்கு முன்னால் என்று கேட்டேன். அப்போதுதான் தன் சந்தேகத்தைச் சொன்னார். சாயங்காலம் தனியாக இருந்தது, பதறி மூடியது, எல்லாம். "நான் துடைச்சது அவர் ஊருக்குப் போன பிறகு. அதுக்கப்புறமும் வந்திருக்குது. அவர் எப்படிங்க காரணம் ஆவார்?" என்றேன். அன்று சாயங்காலம் துடைத்துவிட்டு, காலையில் நீங்கள் வரும்போது நானும் வந்து பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இத்தனை தடவை வந்து போயிருக்கிறேன், அந்த மனிதர் காலையில் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

காலையில் போனேன். முதலாளி வந்தார். செருப்பை விட்டார். கும்பிட்டார். கீபோர்டைக் கண்ணில் ஒற்றினார். போட்டார். தொழிற்சாலைப் பக்கம் அழகாக வந்தது. சுடலைமுத்து இல்லாததால் பஸ் விவரத்தைத் தடவித் தடவி அவரே ஏற்றினார். பிறகு திரையின் மேல் ஓரத்தைப் பார்த்தார். "பாருங்க, தொடைக்கறப்பல்லாம் பெருமாளையும் சேர்த்துத் தொடைச்சிடறீங்க" என்று செல்லமாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த மேல் ஓரத்தில் ஒரு பட்டை இருக்கும். இடது பக்கம் சின்னதாகப் பெருமாள் படம். பக்கத்தில் அன்றைய திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம். நானே எத்தனையோ தடவை அதைப் பார்த்து ராகு காலம் தெரிந்துகொண்டிருக்கிறேன். திரையில், தட்டித் திறக்கிற மற்றப் படங்களுக்கு நடுவிலும் அதே பெருமாள் முகம் ஒன்று இருந்தது. ஏதோ ஸ்லோகம் என்று இத்தனை நாளும் தொடாமல் விட்டிருந்தேன். அதன்மேல் மவுஸை வைக்கவே எனக்குக் கூச்சம்.

முதலாளி அந்த முகத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்டினார். இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. ஆமாம் என்று அமுத்தினார். இன்னொரு கேள்வி. ஆமாம். இன்னொன்று. ஆமாம். மூன்று கேள்வியையும் படிக்கவே இல்லை. "மச்சான் பையன் காட்டிக் குடுத்தான். பெருமாள் படத்தைத் தட்டணும், கேக்கறதுக்கெல்லாம் ஆமான்னு அமுத்தணும். பட்டை வந்துடும்" என்றார். பட்டை வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்ப அதை மூடிட்டு, இன்டர்நெட்டை மறுபடியும் தொறங்க" என்றேன்.

திறந்தார். தேடுகிற பெட்டியும், இரண்டு பக்கம் பெண்களும் வந்து நின்றார்கள்.

பஞ்சாங்கத்தை இலவசமாகக் கொடுக்கிறேன் என்று எவனோ பெருமாள் முகத்தை முன்னால் ஒட்டி, பின்னால் இதைக் கட்டி அனுப்பியிருக்கிறான். நான் டூல்பாரை நீக்கும்போது பஞ்சாங்கமும் சேர்ந்து போயிருக்கிறது. பெருமாள் போய்விட்டாரே என்று இவர் பக்தியோடு திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிடும்போதெல்லாம் அவனும் சேர்ந்து வந்திருக்கிறான். இவர் சந்தேகப்படாததற்கும் நான் சந்தேகப்படாததற்கும் காரணம் ஒன்றுதான். சாமி படம் இருந்த இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி போகவில்லை. பெருமாள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அதை அனுப்பவில்லை. அவர் படத்தை எடுத்து ஒட்டினவன் ஒருவன் இருக்கிறான் என்று நினைக்கத் தெரியாதவர்களாக இருந்துவிட்டோம்.

நான் விளக்கிச் சொல்லி முடித்ததும் முதலாளி தோள் துண்டை எடுத்தார். மானிட்டரை மூடப் போகிறார் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பால் காய்ச்சிட்டாங்களே" என்றார்.

அப்போதுதான் வீட்டு விஷயமே எனக்குத் தெரிந்தது. புதுக் குடித்தனக்காரர்கள் அதற்கு முந்தைய நாள்தான் சாமி படத்தையும் உப்பையும் கொண்டுவந்து வைத்து, அடுப்பு மூட்டிப் பால் பொங்கவிட்டிருக்கிறார்கள். பால் காய்ச்சிக் குடிவந்தவர்களை எழுப்புகிற பாவத்தை நம் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவராகவே அந்தப் பட்டையைக் கையால் காட்டினார்.

அங்கே ஊரில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருப்பார்கள். ரயில் ஏறும்முன் சொல்லியாக வேண்டும். முதலாளி போனை என் பக்கம் நீட்டினார். தனக்கு வாய் வராது, நீங்கள் சொல்லுங்கள் என்றார். வீடு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, சந்தேகப்பட்டதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் கேட்டார். சுடலைமுத்துவுக்குத் தெரியாமலே போகட்டும், மனசு நோகாதே என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் அது நியாயமாகப் பட்டது. கம்ப்யூட்டரைத் துடைக்கிற மாதிரி இதையும் தடயம் இல்லாமல் துடைத்துவிடலாம். ஆனால் கிளீனர் கையில் சூடத் தட்டைப் பார்த்த காலை ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரைப் பற்றி எது கேட்டாலும் நான் பேசுகிறேன், இதை நீங்கள்தான் பேச வேண்டும், முழுசாகப் பேச வேண்டும் என்றேன்.

அவர் பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்று போனை மேசைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டிவைத்துப் பேசினார். அந்தப் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது, கொடை இன்னும் முடியவில்லை போல. முதலில் வீடு போன விஷயத்தைச் சொன்னார். பிறகு, "சரி மொதலாளி. டிக்கெட்ட கேன்சல் பண்ணிருதேன்" என்றார் சுடலைமுத்து. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. முதலாளி திக்கித் திக்கி மீதியைச் சொன்னார். பக்கம் மாறியது, சந்தேகப்பட்டது, இன்று காலையில் கண்ணால் பார்த்தது.

"சூடத் தட்ட அந்தப் பையன் கையில குடுத்தீயள்ளா, அன்னைக்கே தெரியும் மொதலாளி, எம்மேல என்னமோ இருக்குன்னு. என்னன்னுதான் தெரியல்ல. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாப்பேன், கணக்குல எதுவும் தப்பு வந்துட்டோன்னு." கொட்டுச் சத்தம் ஓய்ந்தது. "ஒரு வார்த்த கேட்ருக்கலாம்லா."



சுடலைமுத்து வந்தார், தனியாக. ரூமைக் காலி பண்ணிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். தூத்துக்குடியில் ஒரு லாரி ஆபீசில் வேலை பேசியாகிவிட்டது என்றார். முதலாளி எவ்வளவோ கெஞ்சினார். ஸ்ரீபெரும்புதூரிலேயே தன் செலவில் வீடு பிடித்துத் தருகிறேன், பிள்ளையின் ஸ்கூல் பீஸை நானே கட்டுகிறேன் என்றெல்லாம் சொன்னார். சுடலைமுத்து கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி வெளியே போன பிறகு என்னிடம் சொன்னார்.

"அவ்வோ நல்லவ்வோதான் அண்ணாச்சி. ஆனா எம் பிள்ள இங்கன வந்து வளரணும். உங்கப்பாவ ஒருகாலத்துல இப்பிடி நெனச்சோம்னு என்னைக்காவது ஒருத்தர் வாயில வந்துட்டா?"

சாயங்காலத்தில் தனியாக என்ன பார்த்தீர்கள், ஏன் பதறி மூடினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "ரயில்ல மூணு சீட்டு ஒண்ணா கெடக்கான்னு தெனமும் பாப்பேன். ஆபீஸ் பொட்டியில சொந்த வேல பாக்கோமேன்னு ஒரு கூச்சம். அவ்வோ உள்ள வந்ததும் மூடிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பு மாதிரிதான் இருந்தது, ஆனால் சீக்கிரம் நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு நான் வேலை செய்த விதம் மாறியது. உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பழக்கங்களில் பாதி அங்கேயிருந்து வந்தவைதான். எங்கே போனாலும் துடைப்பதற்கு முன்னால் ஒரு காலை அவர்களோடு உட்காரச் சொல்வேன், நீங்கள் சலித்துக்கொள்வீர்கள். ஆண்டாள் படமோ மாதா படமோ மசூதிப் படமோ, எதன் முகம் ஒட்டியிருந்தாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். "யார் சார் பண்ணது?" என்று எந்த முதலாளி கேட்டாலும், "எது வந்திருக்குதுன்னு பாக்கறேங்க" என்று மட்டும் சொல்லச் சொல்வேன். சில இடங்களில் அந்தப் பதிலுக்காகவே நம்மை விவரம் தெரியாத ஆள் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். காஞ்சிபுரத்துக் கடைக்காரரையும் அப்படித்தான் நினைத்தார்கள், நான் உட்பட. ஒரு மருமகளாவது அவர் வாசலிலிருந்து தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

சுடலைமுத்துவின் மகள் இங்கே வந்திருந்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள் என்று அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நம்ம கோயிலில் ராமானுஜர், உடையவர் சந்நிதியில் நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வேன். என்னால் வேறு என்ன முடியும்?

கடைசி நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சுடலைமுத்து காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்புவதாக இருந்தது. அது ஆட்களை ஏற்றப் போகிற வழியில் அவரைத் தாம்பரத்தில் இறக்கிவிடும். நானும் விடியும்முன் போயிருந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் ஆபீசுக்குள் வந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, இன்டர்நெட்டைத் திறந்தார். தொழிற்சாலைப் பக்கம் வந்தது. மூடினார். மறுபடியும் திறந்தார். அதே பக்கம் வந்தது. மேல் ஓரத்தில் பட்டை இல்லை. முதலாளி சுவரில் தாள் காலண்டர் மாட்டியிருந்தார்.

"சரியா வருது அண்ணாச்சி" என்று எழுந்தார்.

வெளியே முதலாளியே சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் நீட்டினார். சுடலைமுத்து பையை இறக்கி வைத்தார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைக்க, வலித்த முதுகோடு நன்றாகக் குனிந்தார். நிமிர்ந்து, தட்டை வாங்கி, நிதானமாகப் பஸ்ஸுக்குச் சூடம் காட்டினார். முதலாளி ஒற்றிக்கொள்ளட்டும் என்று தட்டை அவர் பக்கம் நீட்டினார். முதலாளி இரண்டு கையாலும் ஒற்றிக்கொண்டார். பிறகு சுடலைமுத்து தட்டைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். பழம் நசுங்கியது. பஸ் போய்விட்டது.